ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: அன்றாடம் எப்படிப் போகும்?

உறையூர்க்காரி:
எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஜப்பானுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகலாமா என்று யோசனை. யூடியூபில் தேடினால் செர்ரிப் பூ, புல்லட் ரயில், ராமென் கிண்ணம். அதெல்லாம் போதும். காலையில் எழுந்தால் இரவு படுக்கிறவரை என்ன நடக்கும்? பள்ளியில் உண்மையில் என்ன வேலை? நான் சைவம் (முட்டை உண்டு), வயிறு என்ன ஆகும்? கையில் எவ்வளவு மிஞ்சும்? தனியாக ஒரு பெண் இருக்கலாமா? கடைசிக் கேள்வி அப்பாவுடையது. அங்கே இருப்பவர்கள், இருந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பனியூர்_டீச்சர்:
தங்கச்சி, நான் நீகாதா மாநிலத்தில் மலையோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நகராட்சியின் கல்விக்குழு என்னை நேரடியாக வேலைக்கு எடுத்தது. உதவி மொழி ஆசிரியர், சுருக்கமாக ஏ.எல்.டி. ஒரு நடுநிலைப்பள்ளி, இரண்டு தொடக்கப்பள்ளி. எந்தக் கிழமை எந்தப் பள்ளி என்று மாதம் பிறக்கும் முன் ஓர் அட்டவணை வந்துவிடும்.

எட்டு மணி வாக்கில் பள்ளியில் இருப்பேன். வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்து, உள்ளே போட வைத்திருக்கும் ஷூவை மாட்ட வேண்டும். ஆசிரியர் அறை ஒரே பெரிய கூடம். ஒவ்வொரு வகுப்பின் ஆசிரியர்களும் மேசைகளை எதிரெதிராக ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் பார்க்கிற இடத்தில் துணைத் தலைமையாசிரியர். உள்ளே நுழைந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி வணக்கம் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுகிறாய் என்பதை அங்கே யாரும் கவனிப்பதில்லை, வணக்கம் சொல்லவில்லை என்றால் மட்டும் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

நடுநிலைப்பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம். ஆங்கிலம் வாரம் நான்கு வேளை. பாடத்தை நடத்துவது ஜப்பானிய ஆங்கில ஆசிரியர், நாம் பக்கத்தில் நிற்போம். சில ஆசிரியர்கள் முழு வகுப்பையும் நம் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வேறு சிலருக்கு நாம் பாடப்புத்தக வசனத்தை வாசிக்க வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் இதற்கு வைத்த பெயர் மனித டேப் ரெக்கார்டர். ஒரே பள்ளியில், ஒரே நாளில், இரண்டும் நடக்கும்.

தொடக்கப்பள்ளியில் வேளை 45 நிமிடம். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகிவிட்டது, ஆண்டுக்கு 70 வேளை. மூன்றாம், நான்காம் வகுப்புக்கு 35 வேளை, அது விளையாட்டும் பாட்டுமாகப் போகும். வகுப்பாசிரியருக்கே ஆங்கிலம் பேசக் கூச்சம் இருக்கும், ஆகவே அங்கே நமக்கு வேலை அதிகம், மரியாதையும் அதிகம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வராந்தாவில் பார்த்தால் காலைக் கட்டிக்கொள்ளும். அதே குழந்தை நடுநிலைப்பள்ளிக்கு வந்தபின் கண்ணைப் பார்க்காது. மனதில் போட்டுக்கொள்ளாதே, அந்த வயது அப்படி.

மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பெரிய பாத்திரங்களைத் தூக்கி வந்து எல்லோருக்கும் பரிமாறுவார்கள். அதற்குமுன் தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்த்திருப்பார், அது விதி. சோறு அல்லது ரொட்டி, ஒரு சூப், ஒரு குழம்புவகை, 200 மில்லி பால். ஆசிரியர்களிடம் ஒரு சாப்பாட்டுக்கு 300 யென் பக்கம் பிடிப்பார்கள். உன் சிக்கல் இங்கேதான். கண்ணுக்குக் காய்கறி சூப்பாகத் தெரிந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவல்தான் இவர்கள் சமையலுக்கு அடித்தளம். நான் வேலைக்குச் சேர்ந்த உடனேயே பேசிவைத்து வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போகிறேன். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் டப்பா கொண்டு வருவதால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் பள்ளியே துடைப்பமும் துணியுமாக இறங்கும். கால் மணி நேரம் தரை துடைப்பு. நானும் துடைப்பேன். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்கள், ஆகையால் நான் அதைத் தவறவிடுவதே இல்லை.

நாலேகால் மணிக்கு என் நேரம் முடிந்துவிடும். ‘முன்னாடியே கிளம்புகிறேன், மன்னிக்கவும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். மற்ற ஆசிரியர்கள் ஏழு, எட்டு மணிவரை அங்கேயே. 1971இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மிகைநேரக் கூலி கிடையாது, அடிப்படைச் சம்பளத்தில் 4 விழுக்காடு கூடுதல் தொகை மட்டும். இப்போதுதான் அதைப் படிப்படியாக 10 விழுக்காட்டுக்கு உயர்த்தச் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். உன்னோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட அவர்களுக்கு நேரம் ஏன் இல்லை என்று பிறகு நீ ஆதங்கப்படுவாய், அதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சாம்பல்_மலை:
நான் சிங்கப்பூர். ஜெட் திட்டத்தில் போய் ககோஷிமாவில் இருந்தேன். அக்கா சொன்ன அட்டவணைதான், ஆனால் வேறு நாடு போல. அவருக்குப் பனி, எனக்குச் சாம்பல். சகுராஜிமா எரிமலை குமுறினால் காய்ந்த துணி, கார் கண்ணாடி, பால்கனி எல்லாம் கறுத்துவிடும். வீட்டில் கூட்டிய சாம்பலைப் போட நகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது. அந்த மலையடிவாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நடந்து போவார்கள். முதல் வாரம் படமெடுத்தேன். அப்புறம் பார்த்துப் பழகிவிட்டது.

உறையூர்க்காரி, முதலில் ஜெட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டவரை ஆங்கில உதவி ஆசிரியர்களாக வரவழைக்க 1987இல் ஜப்பான் அரசே தொடங்கிய திட்டம். ஓராண்டு ஒப்பந்தம், இரு தரப்பும் விரும்பினால் ஐந்து ஆண்டுவரை நீளும். விமானச் சீட்டு அவர்கள் பொறுப்பு. 2025 ஏப்ரலில் முதலாண்டுச் சம்பளத்தை ஆண்டுக்கு 33.6 லட்சம் யென்னிலிருந்து 40.2 லட்சம் யென்னாக உயர்த்தினார்கள். இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ஆனால் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அமெரிக்கர்கள். இந்தியாவுக்கான இடங்கள் மிகக் குறைவு. தூதரகத்தில் கேட்டுப் பாருங்கள், அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எந்த ஊர் என்று நீங்கள் விருப்பம் எழுதலாம், முடிவு அவர்களுடையது. டோக்கியோ என்று எழுதியவர் படகு போகும் தீவில் இறங்குவார். ஜெட்டில் இருந்தவர்கள் எதைக் கேட்டாலும் ‘ஒவ்வொருவர் நிலைமையும் வேறு’ என்று ஆரம்பிப்பார்கள். எரிச்சலாக வரும், ஆனால் உண்மை.

கோடை விடுமுறையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய வகுப்பு இல்லை. ஆசிரியர்கள் கூடைப்பந்து, பேஸ்பால் என்று கழகப் பயிற்சிகளில் இருப்பார்கள். ஒப்பந்தப்படி நீங்களும் பள்ளிக்கு வர வேண்டும். வந்து மேசையில் உட்கார வேண்டும். நான் அந்த ஆகஸ்ட் மாதங்களில்தான் ஜப்பானிய எழுத்து படித்தேன். விடுமுறை முடியும்போது பேச்சுப்போட்டிக்கான மாணவர்கள் வருவார்கள். ஒரு மாணவி, ஐந்து நிமிடப் பேச்சு, மாலை மாலையாக உச்சரிப்புப் பயிற்சி. ஆண்டு முழுவதும் நான் உண்மையில் பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரி உணர்ந்தது அந்தச் சில வாரங்கள்தான்.

வடமராட்சி:
இடையிலே ஒரு கேள்வி. நான் பாடசாலையில் முழுக்கத் தமிழ் மொழிமூலம் படிச்சனான். பட்டம் மட்டும் ஆங்கிலத்தில். அது பிரச்சினையோ?

சாம்பல்_மலை:
அரசுப் பள்ளிக்கு என்றால் பிரச்சினைதான். பள்ளி ஆசிரியர்களுக்கு ‘கல்வி’ என்ற வகை விசா. மொழி கற்பிக்க வருபவர் அந்த மொழியின் வழியே 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கிலத்தில் முடித்தால் கணக்கு எட்டாது. தனியார் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளிகளுக்கு விசா வகை வேறு, அங்கே பட்டம்தான் முக்கியம். உறையூர்க்காரி, நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழி என்றால் பள்ளியில் அதற்கொரு சான்றிதழ் இப்போதே வாங்கி வையுங்கள். பழைய பள்ளி மூடிப்போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோவை_திரும்பியவன்:
எல்லோரும் நல்ல பக்கத்தையே சொல்கிறீர்கள். இவர்கள் இருவரும் நல்ல ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். பல நகராட்சிகள் உதவி ஆசிரியர்களை ஒப்பந்த நிறுவனங்கள் மூலம்தான் எடுக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதும் அதுதான். நான் இபாராக்கியில் அப்படித்தான் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை.

சம்பளம் மாதம் 2 லட்சத்து 20 ஆயிரம் யென். கேட்க நன்றாக இருக்கும். ஆகஸ்டில் வகுப்பு இல்லை, பாதிச் சம்பளம். டிசம்பர், மார்ச் மாதங்களிலும் வெட்டு. வாடகை, கார் தவணை எதற்கும் விடுமுறை கிடையாது. இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம் குடியிருப்பு வரி என்று ஒன்று வரும், போன ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு. முதலாண்டில் அது இல்லாததால் சம்பளமே அவ்வளவு என்று நினைத்துச் செலவு செய்து பழகியிருப்போம்.

வேலையே வேடிக்கை. சில இடங்களில் ஒப்பந்தம் எப்படி என்றால், பள்ளி ஒரு பணியை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது, ஆசிரியர் நிறுவனத்தின் ஆள். ஆகவே வகுப்பிலிருக்கும் ஜப்பானிய ஆசிரியர் எனக்கு நேரடியாக இதைச் செய், அதைச் செய் என்று சொல்லக் கூடாது, சொன்னால் சட்டமீறல். ஒரே அறையில் நிற்கிறோம், இருவரும் சேர்ந்து பாடம் நடத்த வேண்டும், ஆனால் பேசிக்கொள்ள நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல். பாவம் அந்த ஜப்பானிய ஆசிரியை, வகுப்புக்கு நடுவில் கண்ணாலேயே சைகை காட்டுவார்.

இன்னொன்று, ரூபாய்க் கணக்கு. 2020இல் 100 யென் கொடுத்தால் 70 ரூபாய் பக்கம் வந்தது. 2024இல் 55 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்று போகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பத்தாண்டு இருந்தாலும் அதே உதவி ஆசிரியர். பதவி உயர்வு கிடையாது. நான் திரும்பி வந்ததற்கு வருத்தப்படவில்லை.

நிஷிகசாய்_அப்பா:
கோவை சார், காப்பீடு போட்டார்களா?

கோவை_திரும்பியவன்:
அப்போது போடவில்லை. வாரம் 30 மணி நேரம் வந்தால் நிறுவனம் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்பதால் ஒப்பந்தத்தில் 29.5 மணி நேரம் என்று எழுதுவார்கள். நானே போய் நகராட்சியின் தேசியக் காப்பீட்டில் சேர்ந்தேன். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை என்றாலே சேர்க்க வேண்டும். எந்தக் காப்பீடாக இருந்தாலும் மருத்துவச் செலவில் நம் பங்கு 30 விழுக்காடு. அதில் குறை சொல்ல மாட்டேன். பல் பிடுங்கியதற்குக் கோவையில் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தேன்.

பனியூர்_டீச்சர்:
கோவைத் தம்பி சொன்ன குறை அத்தனையும் நடப்பதுதான். ஆனால் ‘பதவி உயர்வே இல்லை’ என்பதோடு நிறுத்திவிட்டார். உதவி ஆசிரியர் என்ற நாற்காலியில் உயர்வு கிடையாது, அதிலிருந்து இறங்கி வேறு நாற்காலிக்குப் போகலாம். முதுகலை இருந்தால் கல்லூரிகளில் பகுதிநேர வகுப்பு கிடைக்கும். சில மாநிலங்கள் சிறப்பு உரிமம் கொடுத்து வெளிநாட்டவரை முழு ஆசிரியராகவே எடுக்கின்றன. தனியார் பள்ளிகள், பன்னாட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஜப்பானிய மொழி வேண்டும். அதைப் படிக்காமல் ஐந்தாறு ஆண்டு கழித்துவிட்டு ‘முட்டுச்சந்து’ என்று எழுதுகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். தம்பியைச் சொல்லவில்லை.

உறையூர்க்காரி, வரும்முன்பே தொடங்கு. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களில் சென்னையில் நடக்கிறது, ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் நடத்துகிறது. அவர்களிடமே வகுப்பும் உண்டு. வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியம் அமைப்பது நமக்கு எளிது. என்னோடு இருந்த ஆஸ்திரேலியப் பெண் அதற்குத் தலையைப் பிய்த்துக்கொண்டாள். எழுத்துதான் படுத்தும்.

கோவை_திரும்பியவன்:
அக்கா, அந்தத் தேர்வில் எனக்கு என்3 நிலை இருந்தது! :)

பனியூர்_டீச்சர்:
சரி சரி, அடங்கிவிட்டேன்.

ஓசகா_இரவு:
பள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் எய்காய்வா பக்கம். அதாவது ரயில் நிலையத்தை ஒட்டி மாடியில் இருக்கும் தனியார் ஆங்கிலப் பேச்சுப் பள்ளி. என் நாள் மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து இரவு ஒன்பது மணிக்கு முடியும். ஞாயிறு, திங்கள் விடுமுறை. மதியம் ஓய்வுபெற்ற தாத்தாக்கள், பாட்டிகள். நான்கு மணிக்குமேல் குழந்தைகள். ஏழு மணிக்குமேல் அலுவலகம் முடித்து, டை தளர்த்தியபடி வருபவர்கள். அதில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், எழுப்பக் கூடாது, பணம் கட்டியிருக்கிறார்கள்.

பள்ளிகளில் நீங்கள் ஆசிரியர். இங்கே நீங்கள் பாதி ஆசிரியர், பாதி விற்பனையாளர். இலவச மாதிரி வகுப்புக்கு வந்தவர் சேர்ந்தாரா, சேர்ந்தவர் புத்தகம் வாங்கினாரா என்று மேலாளர் கேட்டுக்கொண்டே இருப்பார். 2007இல் நோவா என்ற மிகப்பெரிய எய்காய்வா நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளம் வராமல் நடுத்தெருவில் நின்றார்கள். சில பேருக்கு நிறுவனம் கொடுத்த வீட்டு வாடகையும் கட்டப்படாமல் கிடந்தது. அந்தக் கதையை இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்வார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: வீடு நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். முடிந்தவரை சீக்கிரம் உங்கள் பெயரில் எடுங்கள். முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத நன்றிப்பணம், உத்தரவாத நிறுவனக் கட்டணம் என்று சேர்ந்து நாலைந்து மாத வாடகை ஒரே நாளில் போகும். ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு, தரகர் அதைச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பார்.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் தொடவில்லை. விளம்பரத்தில் ‘தாய்மொழியாகப் பேசுபவர்’ என்று போட்டிருந்தால் பல இடங்களில் அவர்கள் மனதில் ஒரு வெள்ளை முகம் இருக்கிறது. பெயரைப் பார்த்தே பதில் போடாத இடங்கள் உண்டு. நேர்காணலில் என் உச்சரிப்பைப் பாராட்டிவிட்டு ‘பெற்றோர்கள் எதிர்பார்ப்பது…’ என்று இழுத்தவர் உண்டு. அதே சமயம் வகுப்புக்குள் போனபிறகு ஒரு மாணவரும் ஆசிரியரை மாற்றச் சொன்னதில்லை. அலுவலகத்துக்காக ஆங்கிலம் படிக்கிறவர்கள் சென்னை, பெங்களூர் ஆட்களோடு தினமும் கூட்டத்தில் இருக்கிறார்கள். ‘உங்கள் ஆங்கிலம் புரிந்தால் அவர்களுடையதும் புரிந்துவிடும்’ என்று ஒருவர் என்னிடம் கேட்டுச் சேர்ந்தார்.

நிஷிகசாய்_அப்பா:
நான் ஆசிரியர் இல்லை, ஐ.டி. டோக்கியோ எதொகாவா வட்டத்தில் நிஷிகசாய், நம் ஆட்கள் நிறைந்த இடம். மகள் இந்தியப் பள்ளிக்குப் போகாமல் உள்ளூர் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர் ஜமைக்காக்காரர், முன்பு பிலிப்பைன்ஸ் அம்மா ஒருவர். வெள்ளைக்காரர்தான் வருவார் என்பது மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. ஓசகா நண்பர் சொன்னது தனியார் சந்தை, பள்ளிக்கூடம் கொஞ்சம் வேறு மாதிரி.

பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று. டோக்கியோவில் 2022 முதல் நடுநிலைப்பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணை மாநகர உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையில் சேர்க்கிறார்கள். அதற்குப் பெற்றோரிடம் நிறைய எதிர்ப்பு வந்தது. ஆனால் பிள்ளைகள் வாய்திறந்து பேச வேண்டிய கட்டாயம் வந்துவிட்டதால் உதவி ஆசிரியரை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

உறையூர்க்காரி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கோவை அண்ணா சொன்ன ஆகஸ்ட் கணக்கை அப்பாவிடம் காட்டினேன், ‘இவர்தான் விவரமானவர்’ என்றார். நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழிதான். தனியாக இருப்பது பற்றியும் சமையல் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். வடமராட்சி, உங்களுக்கு என்ன வழி என்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.

பனியூர்_டீச்சர்:
அப்பாவிடம் சொல்: இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து தனியாக நடந்து வீட்டுக்கு வரலாம். நான் வருகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று சொல்ல மாட்டேன். வீடு பார்க்கும்போது தரைத்தளம் எடுக்காதே, இரண்டாம் தளம் முதல் பார். உள்ளாடையை வெளிப்பக்கம் காயப்போடாதே. பெருநகர ரயில்களில் நெரிசல் நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, அது எதற்காக வந்தது என்று உனக்கே புரியும்.

சிற்றூரில் பயம் வேறு வகை. எல்லோருக்கும் உன்னைத் தெரியும். கடையில் நீ வாங்கியதை மறுநாள் மாணவன் வகுப்பில் சொல்வான். எந்த நாளில் எந்தக் குப்பை, எந்தப் பையில் என்பதைப் பிழையாகப் போட்டால் பை அங்கேயே கிடக்கும், மேலே ஒரு ஒட்டுத்தாள் இருக்கும், யாருடையது என்று தெரு முழுக்கத் தெரியும். ஆனால் பனி கொட்டிய காலையில் என் காரைச் சுற்றி யாரோ பனியை வாரிவிட்டுப் போயிருப்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டிதான் என்று எனக்குச் சந்தேகம், கேட்டால் ஒப்புக்கொள்வதில்லை.

பனி விளையாட்டில்லை. இங்கே சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள், இதே மாநிலத்து நாகஓகா நகரில் தொடங்கிய முறை. தண்ணீரிலுள்ள இரும்பால் சாலையே துருநிறம். வீடுகளில் மைய வெப்பமெல்லாம் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பு, அதற்கு 18 லிட்டர் பிளாஸ்டிக் கேன், அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி. இங்கே கேன் சிவப்பு, ஓசகாப் பக்கம் நீலம். டிசம்பர், ஜனவரியில் நாலரை மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கும். தனிமை வந்தால் அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். நான் ஊர் முதியவர்களோடு வாரம் ஒரு நாள் டைகோ மேளம் கற்கப் போகிறேன். வாசிப்பு இன்னும் வரவில்லை, தேநீர் நன்றாக இருக்கும்.

நிலநடுக்கம்: கைப்பேசி ஒரு மாதிரி அலறும். வகுப்பில் பிள்ளைகள் நீ சொல்லும்முன் மேசைக்கடியில் போய்விடுவார்கள், நீயும் போ. செப்டம்பர் 1, 1923 பெரும் நிலநடுக்க நினைவாகப் பேரிடர்த் தடுப்பு நாள், அதை ஒட்டிப் பள்ளிகளில் பயிற்சி நடக்கும். தண்ணீர், டார்ச், மருந்து வைத்த பை கதவருகில் இருக்கட்டும். 2011 ஆழிப்பேரலையில் கடலோர ஊர்களில் இருந்த ஜெட் ஆசிரியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். கடலோர ஊர் கிடைத்தால் முதல் நாளே மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்.

சாம்பல்_மலை:
பெயர் விஷயம் சொல்ல மறந்துவிட்டீர்களே அக்கா. தங்கச்சி, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், வசிப்பு அட்டை, வங்கி, பள்ளி வருகைப்பலகை எங்கும் அதுதான் முன்னே நிற்கும். பள்ளி முழுக்க உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடும். என் அப்பா காலமானவர். முந்நூறு பிள்ளைகள் வராந்தாவில் அவர் பெயரைச் சொல்லிக் கை அசைப்பார்கள். மாற்றச் சொல்லலாம், நான் சொல்லவில்லை. வங்கிக்கும் பள்ளிக்கும் எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஒரு நெடில் மாறினாலும் சம்பளம் ஏறாது.

கோவை_திரும்பியவன்:
அப்பாவுக்கு என் வணக்கம்! இன்னொரு கணக்கும் காட்டுங்கள். வேலையை விட்டு நாடு திரும்பினால் கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டுக்குள் கேட்டு வாங்கலாம். ஆறு மாதமாவது கட்டியிருக்க வேண்டும். நிறுவன ஓய்வூதியம் என்றால் 20.42 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அந்த வரியைத் திரும்பக் கேட்க, கிளம்பும் முன் அங்கேயே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட வேண்டும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. பணத்தை வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கில் நிற்காது. மறுபடியும் ஜப்பான் போகும் எண்ணம் இருந்தால் யோசித்துக் கேளுங்கள்.

ஓசகா_இரவு:
சமையலுக்கு வருகிறேன். துவரம்பருப்பு, உளுந்து, பாசுமதி எல்லாம் ஆன்லைனில் வரும், டோக்கியோவில் ஷின் ஒகுபோ பக்கம் கடைகளும் உண்டு. ஜப்பான் அரிசி தயிர்சாதத்துக்கு அருமை, சாம்பாருக்கு ஒட்டிக்கொண்டு படுத்தும். அந்த அரிசியும் 2025இல் 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டிவிட்டது, பாசுமதியே தேவலை என்றாகிவிட்டது. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, பழம் எதையும் பெட்டியில் போட்டு வராதீர்கள், பயிர் நலச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கருவாடு விட்டுவிடலாம், நீங்கள் சைவம். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம் வரும், கேட்டால் காட்டுங்கள்.

உறையூர்க்காரி:
மிக்சி?

ஓசகா_இரவு:
வேண்டாம். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் மிக்சி 230. மின்மாற்றி வாங்கினால் அதுவே மிக்சி அளவு எடை. குக்கர் கொண்டு வாருங்கள், ஆனால் வீட்டில் காஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற அடிப்பாகம் பார்த்து வாங்குங்கள்.

பனியூர்_டீச்சர்:
கூடவே இரண்டு காஸ்கட்.